மின்சாரம் வந்த பின்னரும் முடிவடையாத மீட்புப் பணி

இணையவழித் தாக்குதலினால் இருளில் மூழ்கிய பிரதேசமொன்றுக்கு மின்சாரத்தை மீள வழங்குவது வேறு. அத்தாக்குதலிலிருந்து மீண்டெழுவது வேறு. இந்த வேறுபாட்டை உக்ரேன் 2015 ஆம் ஆண்டில் அனுபவ வாயிலாகவே அறிந்துகொண்டது.

அவ்வாண்டு டிசெம்பர் 23 ஆம் திகதி பிற்பகல், அந்நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள மின் விநியோகக் கட்டுப்பாட்டு நிலையமொன்றில் கணினித் திரையின் சுட்டி தானாகவே நகரத் தொடங்கியது. பணியிலிருந்த ஊழியர்களின் கண்முன்னேயே உப மின் நிலையங்களின் ஆளிகள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. அன்று மூன்று விநியோக நிறுவனங்கள் தாக்குதலுக்கு இலக்காகின. சுமார் 2 இலட்சத்து 25 ஆயிரம் பாவனையாளர்கள் மின்சாரத்தை இழந்தனர். பல மாதங்களுக்கு முன்னரே மின்னஞ்சல் இணைப்புகளின் மூலம் உட்புகுந்தவர்கள், ஊழியர்களின் கடவுச்சொற்களைத் திரட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தனர்.

மின்சாரத்தைத் துண்டித்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கணினிகளிலிருந்த தரவுகளை அழித்தனர். கட்டுப்பாட்டு நிலையத்தை உப மின் நிலையங்களுடன் இணைக்கும் தொடர்பாடல் கருவிகளினுள் பதிந்திருந்த மென்பொருளையே சிதைத்தனர். முறைப்பாடு செய்யும் தொலைபேசி இலக்கங்களைப் போலி அழைப்புகளால் முடக்கினர். மீட்புப் பணியைத் தாமதப்படுத்துவதே இவற்றின் நோக்கமாகும்.

எனினும் ஊழியர்கள் வாகனங்களில் உப மின் நிலையங்களுக்கு விரைந்து ஆளிகளைக் கையினாலேயே இயக்கினர். ஒன்று முதல் ஆறு மணித்தியாலங்களுக்குள் மின்சாரம் திரும்பியது. பழைமையானது என்று பலரும் குறைகூறக்கூடிய கட்டமைப்பில் கையால் இயக்கும் வசதியும் அதனை அறிந்த ஊழியர்களும் எஞ்சியிருந்தமையே இதற்குக் காரணம். தன்னியக்கமயமாக்கலின் பெயரால் இவ்விரண்டையும் வீண்செலவெனக் கருதி அகற்ற விரும்பும் நிர்வாகங்கள் இதனைக் கவனத்திற் கொள்வது நல்லது.

ஆனால், இரண்டு மாதங்கள் கடந்த பின்னரும் அக்கட்டுப்பாட்டு நிலையங்கள் முழுமையாக இயங்கவில்லை. உள் மென்பொருள் சிதைந்த கருவிகளைத் தொலைவிலிருந்து திருத்த முடியாது. அவற்றை மாற்றியே ஆகவேண்டும். காப்புப் பிரதிகளிலிருந்து கணினிகளை மீளமைப்பதும் எளிதன்று. ஊடுருவியவர்கள் மாதக்கணக்கில் உள்ளே இருந்திருப்பின், எந்தப் பிரதி தூய்மையானது என்ற கேள்வி எழுகின்றது. அலுவலகக் கணினியொன்றில் இதில் தவறு நேர்ந்தால் சில கோப்புகளே இழக்கப்படும். மின் கட்டமைப்பிலோ, பாதுகாப்புக் கருவியொன்றின் அளவீடு பிழையாக இருந்தாலும் கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகச் சோதித்த பின்னரே மீண்டும் வலையமைப்புடன் இணைக்க வேண்டியுள்ளது.

2016 டிசெம்பரில் தலைநகர் கியேவுக்கு அருகிலுள்ள உப மின் நிலையமொன்று தாக்கப்பட்டபோதும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் மின்சாரம் கையால் மீட்கப்பட்டது. அத்தாக்குதலில் பயன்படுத்தப்பட்ட நிரல்களை மீளாய்வு செய்த நிபுணர்கள், 2019 இல் அச்சமூட்டும் முடிவொன்றை முன்வைத்தனர். பாதுகாப்புக் கருவிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டு, ஊழியர்கள் அவசரமாக மின்சாரத்தை மீள இணைக்கும் தருணத்தில் பாரிய சேதத்தை விளைவிப்பதே தாக்கியவர்களின் திட்டமாக இருந்திருக்கலாம் என்பது அவர்களது கருத்து. முதலாம் தடவை நாட்டைக் காப்பாற்றிய கைகளே இரண்டாம் தடவை பொறியில் சிக்கவிருந்தன. நிரலில் இருந்த தவறொன்றினால் அத்திட்டம் பலிக்கவில்லை.