உங்க பான் நம்பர்ல வேற யாராவது கடன் வாங்கியிருக்காங்களா?



போன மாசம் என் கிளையன்ட் ஒருத்தர் ஹோம் லோன் அப்ளை பண்ணார். சம்பளம் 58,000. பழைய பாக்கி எதுவும் இல்லை. ஆனாலும் ரிஜெக்ட். காரணம், அவர் பேர்ல 9,000 ரூபாய் ஆப் லோன் ஒண்ணு எட்டு மாசமா கட்டாம நிக்குது. அந்த ஆப்பை அவர் இன்ஸ்டால் பண்ணதே இல்லை!

"நான் யார்கிட்டயும் ஓடிபி சொல்லலையே சார்"னார். "பான் கார்டு காப்பியை யாருக்கெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பினீங்க?"ன்னு கேட்டேன். வீட்டு ஓனர், புரோக்கர், வேலை வாங்கித் தர்றேன்னு சொன்ன ஏஜென்ட்... லிஸ்ட் நீண்டுக்கிட்டே போச்சு. இதுல எங்கிருந்து கசிஞ்சதுன்னு இனிமே கண்டுபிடிக்கவே முடியாது.

ஓடிபியை மட்டும்தான் நாம ரகசியமா நினைக்கிறோம். ஆனா வருமான வரி போர்ட்டல்ல உங்க ஏஐஎஸ் பிடிஎஃபை டவுன்லோட் பண்ணிப் பாருங்க. சம்பளம், வட்டி, ஷேர் விற்பனை எல்லாம் அதுக்குள்ள இருக்கும். அதைத் திறக்கிற பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? சின்ன எழுத்துல பான் நம்பர், கூடவே பிறந்த தேதி. ரெண்டுமே பான் கார்டு மேலேயே இருக்கு! ரெண்டையும் ஒரே சாட்ல அனுப்பினா, பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரிதான்.

அனுப்பினதைத் திரும்ப வாங்க முடியாது. ஆனா தப்பு நடந்திருந்தா சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். வருஷத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை இதுக்கு ஒதுக்குங்க.

1. கிரெடிட் ரிப்போர்ட்: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் நாலுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். இது ரிசர்வ் வங்கி விதி. ஸ்கோரை மட்டும் பார்த்துட்டு மூடிடாதீங்க. கடன் லிஸ்ட்டையும் 'என்கொயரி' பகுதியையும் பாருங்க. நீங்க அப்ளை பண்ணாத நிறுவனத்தோட பேர் அங்க இருந்தா உஷாராகிடுங்க.

2. டிஸ்ப்யூட்: தப்பான கடன் இருந்தா அந்த வெப்சைட்டிலேயே புகார் பண்ணலாம். 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா, தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்துல அனுப்புங்க. சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதிவு பண்ணுங்க. உங்க அக்கவுன்ட்ல இருந்தே பணம் போயிருந்தா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம 1930-க்கு கால் பண்ணுங்க.

3. ஏஐஎஸ்: நீங்க வேலையே பார்க்காத கம்பெனியோட சம்பளம், தெரியாத பேங்க் வட்டி ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா அங்கேயே ஃபீட்பேக் கொடுத்து மறுக்கலாம்.

4. ஆதார்: கடைசி 4 எண் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ தளத்துல எடுத்துக்கோங்க. அது போதும்னா அதையே கொடுங்க.

5. காப்பி: பான் காப்பி மேல எதுக்காக, யாருக்கு, எந்தத் தேதின்னு எழுதிட்டு அனுப்புங்க. முழுப் பாதுகாப்பு இல்லைதான், ஆனா அதை வேற இடத்துல காட்டுறது கஷ்டமாகும்.

அந்த கிளையன்ட் டிஸ்ப்யூட் போட்டுட்டு காத்திருக்கார். வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸுக்கோ கெடு நெருங்குது. ஆறு மாசம் முன்னாடி ரிப்போர்ட்டைப் பார்த்திருந்தா இந்தத் தவிப்பே இருந்திருக்காது.

நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க? கமென்ட்ல சொல்லுங்க. ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல ஸ்கிரீன்ல காட்டுறேன்.