ஏர்டேக் மாற்றியமைப்பு

ஏர்டேக் மாற்றியமைப்பு என்பது, திருடுபோகும் பொருளைத் திருடியவருக்குத் தெரியாமல் தேடிக் கண்டுபிடிப்பதற்காக, ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக் என்னும் சிறிய இருப்பிடங்காட்டியில் அதன் உரிமையாளர்கள் செய்துகொள்ளும் மாற்றங்களைக் குறிக்கும். ஒலி எழுப்பும் பகுதியை நீக்குதல், பெரிய மின்கலத்தை இணைத்தல், வேறு உறைக்குள் மறைத்தல் ஆகியவை இவற்றுள் அடங்கும். முதலாவது மாற்றமே பெரும் விவாதத்துக்கு உள்ளானது. மிதிவண்டியைப் பறிகொடுத்தவருக்கு உதவும் அதே மாற்றம், ஒரு பெண்ணை அவர் அறியாமல் பின்தொடர நினைப்பவருக்கும் உதவுகிறது.

செயற்படும் விதம்

ஏர்டேக் 2021 ஏப்ரல் 30 அன்று விற்பனைக்கு வந்தது. விட்டம் 31.9 மி.மீ., தடிமன் 8 மி.மீ., எடை 11 கிராம். சிஆர்2032 வகைப் பொத்தான் மின்கலம் ஒன்றில் ஏறக்குறைய ஓராண்டு இயங்கும்.

இதற்குள் ஜிபிஎஸ் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. வில்லை தன் இருப்பிடத்தைத் தானே அறியாது. புளூடூத் வழியாக ஓர் அடையாளக் குறிப்பை மட்டும் அது தொடர்ந்து ஒலிபரப்புகிறது. அவ்வழியே செல்லும் யாரோ ஒருவரின் ஐபோன் அக்குறிப்பைப் பெற்று, தான் இருக்கும் இடத்தை மறையாக்கம் செய்து ஆப்பிளின் வழங்கிக்கு அனுப்புகிறது. அதைத் திறந்து பார்க்கும் சாவி உரிமையாளரின் கருவிகளில் மட்டுமே உள்ளது. மந்தையிலிருந்து பிரிந்த மாட்டின் மணியோசையைக் கேட்ட வழிப்போக்கர் ஊருக்குள் வந்து சொல்வதைப் போன்றது இது. மாடு யாருடையது என்று அவருக்குத் தெரியாது. ஐபோன் வைத்திருப்போர் நிறைந்த நகரத் தெருவில் சில நிமிடங்களுக்கு ஒருமுறைகூட இருப்பிடம் புதுப்பிக்கப்படலாம். ஆளில்லாக் காட்டுப் பாதையில் ஒன்றும் வராது.

ஒலி நீக்கம்

பிறரை உளவு பார்க்க இவ்வில்லை பயன்படும் என்பதை உணர்ந்தே, ஆப்பிள் இதில் இரண்டு எச்சரிக்கைகளை வைத்தது. தன்னுடையதல்லாத ஏர்டேக் ஒன்று கூடவே வந்தால் ஐபோனில் அறிவிப்பு தோன்றும். உரிமையாளரை விட்டு நெடுநேரம் பிரிந்த வில்லை அசைக்கப்படும்போது ஒலி எழுப்பும். இந்த இடைவெளி தொடக்கத்தில் 3 நாட்களாக இருந்தது. அது மிக நீண்டது என்ற கண்டனம் எழுந்ததால், 2021 ஜூனில் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் ஏதேனும் ஒரு நேரம் என மாற்றப்பட்டது. அதே ஆண்டு திசம்பரில் ஆண்ட்ராய்டு பேசிகளுக்கும் ஒரு தேடு செயலி வந்தது.

திருடியவரும் இதே எச்சரிக்கையைப் பெறுவார் என்பதுதான் சிக்கல். வில்லையைப் பிரித்துப் பார்த்த ஆர்வலர்கள், ஒலிப் பகுதியைச் செயலிழக்கச் செய்தாலும் புளூடூத் தொடர்ந்து இயங்குவதை விரைவிலேயே கண்டனர். மாட்டு மணிக்குத் திருடன் துணி சுற்றுவான் என்பார்கள். இங்கே உரிமையாளரே சுற்றினார். 2022 தொடக்கத்தில் ஒலி நீக்கப்பட்ட வில்லைகள் இணையச் சந்தைகளில் விற்பனைக்கே வந்தன. செய்தி ஊடகங்கள் கேள்வி எழுப்பிய பின் அவ்விற்பனை திரும்பப் பெறப்பட்டது.

இதனால் உரிமையாளர் அடையும் பயன் அவர் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஒலி போனாலும், திருடியவரின் பேசித்திரையில் தோன்றும் அறிவிப்பு போவதில்லை. 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் பொதுத் தரமொன்றை நடைமுறைப்படுத்தியதிலிருந்து, ஐஓஎஸ் 17.5, ஆண்ட்ராய்டு 6.0 மற்றும் அவற்றுக்குப் பிந்தைய பதிப்புகள் கொண்ட பேசிகள் இரண்டிலும் அது வருகிறது. பிரிக்கப்பட்ட வில்லை நீர்த்தடுப்பையும் இழக்கக்கூடும். வீட்டுக்குள் சாவிக்கொத்தைத் தொலைத்தால் ஒலியெழுப்பித் தேடவும் முடியாது.

பாதிக்கப்படுபவரின் இழப்போ பெரிது. திறன்பேசி இல்லாத முதியவருக்கும் சிறுவருக்கும் அந்த ஒலி ஒன்றே எச்சரிக்கை. 2022 திசம்பரில் அமெரிக்காவில் இரு பெண்கள் ஆப்பிள்மீது வழக்குத் தொடுத்தனர். முன்னாள் காதலர் தம் மகிழுந்தின் சக்கரப் பகுதியில் வில்லையை மறைத்ததாக ஒருவரும், பிரிந்து வாழும் கணவர் குழந்தையின் புத்தகப் பையில் வைத்ததாக மற்றவரும் கூறியிருந்தனர்.

ஐயத்துக்குரிய வில்லை கிடைத்தால், அதன் வெள்ளைப் பக்கத்தை என்எஃப்சி வசதியுள்ள எந்தப் பேசியிலும் தொட்டுப் பார்க்கலாம். தொடர் எண் கொண்ட பக்கம் திறக்கும். அதைப் படமெடுத்துக்கொண்டு மின்கலத்தைக் கழற்றி, காவல்துறையிடம் கொடுக்க வேண்டும். ஒலி நீக்கப்பட்ட வில்லையிலும் இது செயற்படும். தொடர் எண் உரிமையாளரின் ஆப்பிள் கணக்குடன் இணைந்திருப்பதால் சட்டவழியில் ஆளைக் கண்டறிய இயலும்.

மென்பொருள் வழி மாற்றங்கள்

2021 மே மாதம் செருமானிய ஆய்வாளர் தாமசு ரோத், ஏர்டேக்கின் நுண்கட்டுப்படுத்திக்குள் நுழைந்து அதன் நிரலை மாற்ற முடியும் என்று காட்டினார். செருமனியின் டார்ம்சுடாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று, ஆப்பிளின் வலையமைப்பைப் பயன்படுத்தும் வில்லையைத் தாமே செய்துகொள்ள உதவும் ஓப்பன்ஹேசுடாக் என்னும் திறமூலக் கருவியை வெளியிட்டது. பின்தொடரும் வில்லைகளை ஆண்ட்ராய்டு பேசியில் கண்டறியும் ஏர்கார்டு செயலியை உருவாக்கியதும் இதே ஆய்வகமே.

போட்டி நிறுவனமான டைல் வேறொரு வழியை முயன்றது. 2023 பிப்ரவரியில் அது அறிமுகப்படுத்திய திருட்டுத் தடுப்பு முறையில், பிறர் தேடினால் வில்லை அகப்படாது. ஆனால் உரிமையாளர் அரசு அடையாள அட்டையைக் காட்டிப் பதிய வேண்டும். பின்தொடரப் பயன்படுத்தியதாகத் தீர்ப்பானால் 10 இலட்சம் டாலர் தண்டம் செலுத்தவும் ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டத்துக்கு அஞ்சிப் பின்தொடர்வதைக் கைவிடுபவர் எத்தனை பேர் என்பது ஐயமே.

தீங்கற்ற மாற்றங்கள்

வில்லையைச் சிதைக்காமலே செய்யக்கூடியவை உண்டு. இரண்டு ஏஏ மின்கலங்களைப் பொருத்தும் உறையில் வைத்தால் பல ஆண்டுகள் மின்கலம் மாற்றாமல் இயங்கும். படகு, இழுவண்டி போன்று அடிக்கடி எடுக்காத பொருள்களுக்கு இது ஏற்றது. மிதிவண்டி இருக்கைக்கு அடியிலோ நீர்ப்புட்டித் தாங்கிக்குக் கீழேயோ பொருத்தும் உறைகளும் கிடைக்கின்றன. இரும்புக் குழாய்க்குள் செருகினால் வானொலி அலை தடைபடும். கண்ணில் படும் இடத்தில் ஒன்றும், மறைவாக ஒன்றும் வைப்போர் உண்டு. முதலாவதைக் கண்டு எறிந்த திருடர் இரண்டாவதைத் தேடாமல் விடக்கூடும்.

மீட்பு

இருப்பிடம் தெரிந்ததும் உரிமையாளரே கிளம்பிச் செல்வதுதான் மிகவும் ஆபத்தானது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒருவர், திருடுபோன தம் மகிழுந்தைச் செயலியின் உதவியால் தேடிச் சென்றார். அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, மகிழுந்தில் இருந்த 12 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். வரைபடத்தில் தெரியும் புள்ளி, வில்லைக்கு அருகே சென்ற பேசியின் இடத்தைச் சார்ந்தது என்பதையும் மறக்கலாகாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் அது எந்த வீடு என்று காட்டாது. அண்டை வீட்டுக் கதவைத் தட்டிவிடவும் வாய்ப்புண்டு.

நியூயார்க் நகரம் 2023 ஏப்ரலில், நன்கொடையாகப் பெற்ற 500 ஏர்டேக்குகளை மகிழுந்து உரிமையாளர்களுக்கு வழங்குவதாக அறிவித்தது. வாசிங்டன் நகரமும் அதே ஆண்டு இலவச வில்லைகளை வழங்கத் தொடங்கியது. திருட்டு நடந்தால் உரிமையாளர் காவலரிடம் இருப்பிடத்தைக் காட்டுவார். தேடிச் செல்வது காவலரின் வேலை. 2024 இறுதியில் ஐஓஎஸ் 18.2 பதிப்புடன், காணாமற்போன பொருளின் இருப்பிடத்தை விமான நிறுவனங்களுடனோ நம்பத்தக்க பிறருடனோ இணைப்பு வழியே பகிரும் வசதியும் சேர்க்கப்பட்டது. பொருள் கைக்கு வந்ததும், அல்லது 7 நாட்களில், அந்த இணைப்பு தானாகவே செயலிழக்கும்.