பழைய கணினிக்கு எந்த இயங்குதளம் பொருந்தும்?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றலாம் என்று பார்த்தால், இந்தக் கணினிக்குத் தகுதியில்லை என்ற செய்தி பல வீடுகளில் திரையில் வருகிறது. புதிதாக வாங்குவதுதான் வழி என்று நினைத்துவிட வேண்டாம். பழுதில்லாமல் ஓடும் கணினியை, இயங்குதளம் பழையதாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. வேறு இயங்குதளம் ஏற்றினால் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். எதை ஏற்றுவது என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன: கணினியில் என்ன இருக்கிறது? அதில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

முதலில் கணினியைப் பாருங்கள்

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் ப்ராசஸரின் பெயர், ரேம் அளவு, 32 பிட்டா 64 பிட்டா என்ற விவரம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஏறியிருக்கும் விண்டோஸ் 32 பிட்டாக இருந்தாலும் ப்ராசஸர் 64 பிட்டாக இருக்கலாம். பிட் விவரம் உள்ள வரியில் 'எக்ஸ்64' என்று இருந்தால் ப்ராசஸர் 64 பிட்தான்.

விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். கோர் ஐ5-7200 என்று இருந்தால் நான்கு எண்களில் முதல் எண்ணான 7 தலைமுறையைக் குறிக்கும்; அது தேறாது. 8250 என்றால் தேறும். எட்டாம் தலைமுறையாக இருந்தும் தகுதியில்லை என்று வந்தால், டிபிஎம், செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம். அவற்றை இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். தகுதி இல்லாத கணினியில் குறுக்குவழியாக விண்டோஸ் 11-ஐ ஏற்றும் முறைகளும் சுற்றிவருகின்றன. அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை என்பதால் வீட்டுக் கணினிக்கு அது வேண்டாம்.

ஹார்டு டிஸ்கில் ஓடும் கணினி என்றால், எந்த இயங்குதளமானாலும் முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள். கணினி திறக்கும் நேரமும் நிரல்கள் எழும் நேரமும் கண்கூடாகக் குறையும். ரேம் 2 ஜிபி என்றால், கூடுதல் ரேம் போட இடம் இருக்கிறதா என்று பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள்.

அடுத்து வேலையைப் பாருங்கள்

இணையம் பார்ப்பது, மின்னஞ்சல், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, யூடியூப், கடிதம் தட்டச்சு செய்வது ஆகியவைதான் உங்கள் வேலை என்றால் லினக்ஸ் என்ற இயங்குதளம் தாராளமாகப் போதும். ஃபயர்ஃபாக்ஸ் அதில் அப்படியே ஓடும். வேர்டு, எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும். சிக்கலான வடிவமைப்பு உள்ள கோப்புகளில் மட்டும் வரிகள் சற்று இடம் மாறலாம். தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய இரண்டு தட்டச்சு முறைகளும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் சேமித்த கோப்புகளைப் படிக்க, அந்த எழுத்துருவை மட்டும் நகலெடுத்துச் சேர்த்தால் போதும்.

டாலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் ஆகியவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. வரவு செலவுக் கணக்கோ அச்சு வேலையோ இவற்றை நம்பி நடக்கிறது என்றால் விண்டோஸை விட முடியாது. பிரிண்டரையும் கவனியுங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் எளிதாக வேலை செய்யும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் காணப்படும் கேனன் எல்பிபி2900 லினக்ஸில் தொல்லை தரும்.

எதை ஏற்றலாம்?

64 பிட் ப்ராசஸர், 4 ஜிபி ரேம் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்ல தேர்வு. தொடக்கப் பட்டி, கீழ்ப்பட்டை எல்லாம் விண்டோஸில் பழகியவருக்கு உடனே பிடிபடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. ரேம் 8 ஜிபி என்றால் அதன் சினமன் பதிப்பை எடுக்கலாம்.

2 ஜிபி ரேம்தான், கூட்டவும் முடியாது என்றால் லுபுண்டு என்ற லினக்ஸ் வகை இலகுவானது. ஆனால் அந்தக் கணினியில் ஒரே நேரத்தில் பல பிரவுசர் டேப்களைத் திறக்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இயங்குதளம் எவ்வளவு இலகுவாக இருந்தாலும் இன்றைய இணையப் பக்கங்கள் கனமானவை. 32 பிட் ப்ராசஸருக்கு ஆன்டிஎக்ஸ் போன்ற சிலவே மிச்சம். தட்டச்சு, பாட்டு என்ற அளவில் அதைப் பயன்படுத்தலாம்.

பிரவுசர் தவிர எதுவும் வேண்டாதவருக்கு கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் இருக்கிறது. 4 ஜிபி ரேம் வேண்டும். ப்ளே ஸ்டோர் செயலிகள் வராது. ஏற்றினால் டிஸ்கில் இருப்பது முழுவதும் அழிந்துவிடும்.

விண்டோஸ் 10-இலேயே தங்க வேண்டியவர்கள் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் கிடைக்கும். விண்டோஸ் 7-இல் இன்னும் இருப்பவர்கள் அதில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். அதற்கான புதுப்பிப்புகள் 2020 ஜனவரியிலேயே நின்றன; குரோம் பிரவுசரும் 2023-இல் அதைக் கைவிட்டது.

லினக்ஸ் நம் வீடுகளுக்கு முற்றிலும் புதியதும் அல்ல. தமிழ்நாடு அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். அந்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால், லினக்ஸ் ஏற்றிப் பழக அதுவே நல்ல இடம்.

ஏற்றும் முன் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை அதன் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச நிரலால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். எழுதும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். பிறகு கணினியை அணைத்துவிட்டு, மீண்டும் இயக்கும்போது பூட் மெனுவுக்கான விசையை அழுத்துங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. திரையில் மின்ட் வந்ததும் வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வைஃபை கிடைக்கவில்லை என்றால் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பல நேரம் தீர்வு கிடைக்கும். பென் டிரைவில் ஓடும்போது வேகம் குறைவாகத்தான் இருக்கும், நிறுவியபின் கூடும்.

நிறுவ முடிவெடுத்தால் படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் அனைத்தையும் வெளி டிஸ்குக்கு நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்று வேறொரு கணினியில் பாருங்கள். அதன் பிறகே நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். டாலிக்காக விண்டோஸ் வேண்டும் என்றால், அதை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸை நிறுவும் வழியும் அங்கே இருக்கும். கணக்கு வேலைக்கு மட்டும் விண்டோஸை இணையம் இல்லாமல் திறந்து, மற்ற எல்லாவற்றுக்கும் லினக்ஸைப் பயன்படுத்தலாம்.

தேர்வு எதுவானாலும், அதற்கு இன்றும் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்க வேண்டும், வந்ததை நீங்கள் உடனே ஏற்ற வேண்டும். வங்கிக் கணக்கும் ஆதார் விவரமும் திறக்கும் கணினிக்கு இந்த ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது.