பொருளுக்கு இலக்கணம் கூறுமாறு

உலகில் உள்ளன யாவற்றையும் சில பெருவகுப்புக்களுள் அடக்கிக் காண்டல் தத்துவ நூலாரின் முதற்பணியாகும். அவ்வகுப்புக்களை வடநூலார் பதார்த்தம் என்பர். மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் வைசேடிகவாதி பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என அவற்றை ஆறாக வகுத்துரைக்கின்றான். கூட்டம் என்றது சமவாயத்தை. பின்வந்தோர் அபாவம் எனும் இன்மையையுங் கூட்டி ஏழாக்கினர். 17ஆம் நூற்றாண்டினரான அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகம் இவ்வேழினையும் விளக்குவது. 1785இல் மறைந்த சிவஞான முனிவர் அந்நூலைத் தமிழிற் பெயர்த்துத் தந்தனர்.

ஒன்றற்கு இலக்கணங் கூறுங்கால், அது அடங்கும் இனத்தை முதற்கூறிப் பின் அதற்கேயுரிய வேறுபாட்டைக் கூறுதல் பெருவழக்கு. முக்கோணம் மூன்று நேர்கோடுகளால் அடைபட்ட தள உருவம் என்பது போல்வது அது. ஆயின், யாவற்றுக்கும் மேலாய வகுப்புக்கு அதனினும் மேலாய இனம் இல்லை. ஆகவே அதற்கு இலக்கணங் கூறுவது எவ்வாறு?

தருக்க நூலார் வேறொரு வழி கண்டனர். பிறிதொன்றன்பாற் செல்லாது தனக்கே உரியதாய் நிற்கும் தன்மையே இலக்கணம் என்றனர். அஃது அவ்வியாத்தி, அதிவியாத்தி, அசம்பவம் என்னும் முக்குற்றமும் அற்றதாதல் வேண்டும். பசுவுக்குக் கபில நிறத்தை இலக்கணமாகக் கூறின், வெண்பசு விடுபடும், அஃது அவ்வியாத்தி. கொம்புடைமையைக் கூறின் எருமையும் உட்படும், அஃது அதிவியாத்தி. பிளவுபடாத குளம்பைக் கூறின் எப்பசுவினிடத்தும் அஃது இல்லை, அஃது அசம்பவம். அலைதாடியுடைமை ஒன்றே குற்றமற்றது.

இனி, பொருள் எனப்படும் திரவியத்துக்கு இலக்கணம் யாது? குணமுடையது திரவியம் என்பது முதல் விடை. இவ்விடைக்கு எழுந்த தடை நுட்பமானது. பெரியநீலாவணையை அடுத்துள்ள மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆண்டுத் தறியில் பாவும் ஊடையுங் கூடி ஓர் ஆடை தோன்றுகின்றது எனக் கொள்க. நூல் ஆடைக்குச் சமவாயிகாரணம். நெய்வோனும் தறியும் நிமித்தகாரணம். அவ்வாறே ஆடையின் நிறத்துக்கு ஆடை சமவாயிகாரணம். காரணம் காரியத்துக்கு முன் நிற்றல் வேண்டும். எனவே ஆடை தோன்றிய முதற்கணத்தில் அதற்கு நிறம் முதலிய குணம் இல்லை என்றாகின்றது. அக்கணத்து ஆடை திரவியமன்றோ? இலக்கணம் அவ்வியாத்திக் குற்றத்துட் பட்டது.

இதனை நீக்க, குணத்தோடு ஓரிடத்து நிற்பதும், சத்தை எனும் உண்மைச் சாதியின் வேறானதுமாகிய சாதியை உடையது திரவியம் என இலக்கணத்தைத் திருத்தினர். சத்தை குணத்தினும் கருமத்தினும் உளதாகலின் அதனை விலக்கினர். குணம் இல்லாத முதற்கணத்தும் திரவியத்துவம் எனும் அச்சாதி ஆடையில் உண்டு என்பது அவர் கருத்து.

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் பதார்த்தங்களைப் பத்தாக வகுத்தார். முதன்மைப் பொருளுக்கு அவர் எதிர்மறையால் இலக்கணங் கூறினார்: பிறிதொன்றில் தங்காததும், பிறிதொன்றைப் பற்றிச் சொல்லப்படாததும் அது. வெண்மை உடலில் தங்கும். மனிதன் என்பது இம்மனிதனைப் பற்றிச் சொல்லப்படும். இம்மனிதனோ அவ்விருதிறத்தானும் அல்லன். அரபு மெய்யியலாரும் பொருளை ஜவ்ஹர் என்றும், அதனைச் சார்ந்து நிற்பதை அறழ் என்றும் பிரித்துரைத்தனர்.

சைவ சித்தாந்திகள் தடையின் வேரையே களைந்தனர். குணமும் குணியும் சமவாயத்தாற் கூடிய இருபொருள் அல்ல. அவற்றின் தொடர்பு தாதான்மியம் என்றனர். ஆகவே குணமற்ற முதற்கணம் என ஒன்று அவர்க்கு இல்லை.

இவ்வேறுபாடு வெறுஞ் சொற்போர் அன்று. வைசேடிகர்க்கு அறிவு, மனத்தின் சேர்க்கையால் ஆன்மாவில் தோன்றி நீங்கும் குணம். ஆதலின் முத்தியில் அறிவும் இன்பமும் ஒருங்கே ஒழியும். சித்தாந்திக்கு அறிவு ஆன்மாவின் இயல்பு. ஆணவத்தால் மறைப்புண்டு கிடப்பது. மறைப்பு நீங்கிய முத்தியில் அது விளங்கிச் சிவானந்தத்தை நுகரும். ஆடைக்கும் அதன் நிறத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் சிறு வினாவுக்கு அளிக்கும் விடையே, வீடுபேறு யாது என்னும் பெருவினாவுக்கும் விடையாய் முடிகின்றது. இலக்கணத்தில் ஒரு சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் முன்னோர் அத்துணை முயன்றமைக்குக் காரணம் இதுவே என்க.