விசா உண்மை, வேலை பொய்: ‘சுலபமாக ஆஸ்திரேலியா’ விளம்பரங்களை நம்பலாமா?

“ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலை. அனுபவம் தேவையில்லை. ஆங்கிலம் தேவையில்லை. மாதம் 12,000 வெள்ளி வரை சம்பாதிக்கலாம். விசா உத்தரவாதம்.”

முகநூலிலும் டிக்டாக்கிலும் இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. விசாரித்தால் உடனே புலனத்தில் பதில் வரும். “தம்பி, இன்னும் ரெண்டு இடம்தான் இருக்கு. இன்னைக்கே முன்பணம் கட்டிட்டா பேரைப் பதிஞ்சிடலாம்” என்று அன்பாகப் பேசுவார்கள். அம்மாவின் நகை அடகுக்குப் போகும். கூட்டு மாதம் முடியுமுன்பே கழிவுக்கு எடுக்கப்படும்.

வெளிநாடு சென்று உழைத்து முன்னேற நினைப்பதில் தவறு எதுவும் இல்லை. நம்மவர்கள் பலர் நாள்தோறும் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வருகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் முறைப்படி குடியேறி நல்ல நிலையில் இருக்கும் மலேசியர்கள் உண்டு. அந்த முறையான வழி எது, ஏமாற்று வழி எது என்று பிரித்தறிவதில்தான் சிக்கல்.

மோசடி என்றதும் போலி விசாதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆஸ்திரேலியா விஷயத்தில் பல வேளைகளில் விசா உண்மையானதாகவே இருக்கும். படித்த பிள்ளைகளும் இதில் சிக்கிக்கொள்வதற்கு அதுவே காரணம்.

இருபது டாலர் விசா

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் ஈ.டி.ஏ. எனப்படும் மின்னியல் பயண அனுமதிக்கு, ஆஸ்திரேலிய அரசின் கைப்பேசிச் செயலி வழி தாங்களே விண்ணப்பிக்கலாம். அதற்கான சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். இந்த அனுமதி பொதுவாக ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வரை தங்கலாம். சுற்றிப் பார்க்க, உறவினரைக் காண, தொழில் சந்திப்புகளுக்குச் செல்ல இது போதும். வேலை செய்யத்தான் இதில் அனுமதி இல்லை.

முகவர் என்று சொல்லிக்கொள்பவர் நம்மிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பல வேளைகளில் இதைத்தான் எடுத்துத் தருகிறார். “விசா கிடைத்துவிட்டது” என்று காட்டுவார். நாம் சரிபார்த்தாலும் அது உண்மை என்றே வரும். பிறகு விமான நிலையத்தில் கேட்டால் “சுற்றுலாவுக்கு வந்தேன்” என்று சொல்லச் சொல்லிக் கொடுப்பார்.

அந்த ஒரு பொய்யிலிருந்து பொறுப்பு முழுவதும் பயணியின் தலையில் விழுகிறது. குடிநுழைவு அதிகாரிகள் சந்தேகப்பட்டால் கைப்பேசியைச் சோதிக்கலாம். வேலை பற்றிய உரையாடல் அதில் இருந்தால் விசாவை அங்கேயே ரத்து செய்து திருப்பி அனுப்பலாம். முகவரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

“விசாவை மாற்றித் தருகிறேன்”

உள்ளே போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதம் முடியும் நேரத்தில் அடுத்த கட்டணம் வரும். “வேலை விசாவாக மாற்றித் தருகிறேன், இதில் கையெழுத்துப் போடுங்கள்” என்பார்கள். அந்தத் தாள் பாதுகாப்பு விசா விண்ணப்பமாக, அதாவது அகதித் தஞ்சம் கோரும் மனுவாக இருக்கக்கூடும்.

பாதுகாப்பு விசா என்பது இனம், சமயம், நாட்டுரிமை, அரசியல் கருத்து போன்ற காரணங்களால் சொந்த நாட்டில் கொடுமைக்கு ஆளாகும் அபாயம் உள்ளவர்களுக்கானது. மனு பரிசீலனையில் இருக்கும் காலத்தில் தற்காலிகமாகத் தங்க இணைப்பு விசா கிடைக்கும். அந்த இடைவெளியைத்தான் கும்பல்கள் ‘வேலை விசா’ என்று விற்கின்றன. 2017-18 நிதியாண்டில் மட்டும் ஆஸ்திரேலியாவில் 9,000-க்கும் அதிகமான மலேசியர்கள் இப்படி விண்ணப்பித்தனர். அக்காலத்தில் வேறெந்த நாட்டவரையும்விட மலேசியர்களின் எண்ணிக்கையே அதிகம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

நிராகரிப்பு ஒரு கடிதத்தோடு முடிந்துவிடுவதில்லை. விசா காலம் முடிந்து 28 நாள்களுக்கு மேல் தங்கியவர்கள், நாடு திரும்பிய பின் மூன்றாண்டுகளுக்குத் தற்காலிக விசா பெறுவதில் தடையைச் சந்திக்க நேரிடும். போலி ஆவணமோ பொய்த் தகவலோ கொடுத்தது தெரிந்தாலும் மூன்றாண்டுத் தடை வரலாம். அடையாளத்தையே மாற்றிக் காட்டியிருந்தால் அது பத்தாண்டாகும். பின்னாளில் கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ விண்ணப்பிக்கும்போதும் “இதற்குமுன் உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதா?” என்ற கேள்வி வரும். இருபது வயதில் போட்ட ஒரு கையெழுத்து முப்பது வயதிலும் குறுக்கே நிற்கும்.

கூலியை யார் கேட்பது?

ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலை 1 முதல் மணிக்கு 24.95 டாலர். பழம் பறிப்பதில் எடைக்கு அல்லது கூடைக்குக் கூலி பேசினாலும், 2022 ஏப்ரல் முதல் மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் உறுதி செய்யப்பட்டுள்ளது. விளம்பரத்தில் வரும் தொகை இப்படித்தான் நம்பும்படியாகிறது.

ஆனால் வேலை அனுமதி இல்லாதவர் அந்தக் கூலியைத் துணிந்து கேட்பதில்லை. தங்கும் அறைக்கு, வேனுக்கு, முகவரின் மிச்சக் கடனுக்கு என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாலும் வாய் திறக்க முடியாது. அங்கு ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன்’ என்ற அரசு அமைப்பு, விசா நிலை எதுவானாலும் தொழிலாளரின் சம்பளப் புகாரை ஏற்கும்.

நேர்வழி எது?

பசிபிக் தீவு நாடுகளுக்கும் திமோர் லெஸ்தேவுக்கும் ஆஸ்திரேலிய அரசு ‘பால்ம்’ என்ற தொழிலாளர் திட்டத்தை நடத்துகிறது. தோட்ட வேலைக்கு ஆள் எடுப்பது அதன் வழியும் நடக்கிறது. அதில் மலேசியா இல்லை. “அரசாங்கத் தோட்டத் திட்டம்” என்று யாராவது சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மலேசியர்களுக்கு உள்ள முறையான வழிகளில் ஒன்று, 462 என்ற எண் கொண்ட ‘வேலை மற்றும் விடுமுறை’ விசா. விண்ணப்பிக்கும்போது வயது 18 முதல் 30-க்குள் இருக்க வேண்டும். கல்வித் தகுதியும் ஆங்கிலத் தேர்ச்சியும் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் இடங்களுக்கு வரம்பு உண்டு. மற்ற திறன்சார்ந்த விசாக்களுக்குத் தொழில் தகுதி மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, முதலாளியின் ஆதரவு எனப் பல படிகள் உள்ளன. எனவே “படிப்பும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்” என்ற வரியே முதல் எச்சரிக்கை மணி.

முதலாளியின் ஆதரவைப் பணத்துக்கு விற்பதும் வாங்குவதும் ஆஸ்திரேலியாவில் 2015 டிசம்பர் முதல் சட்டவிரோதம். பணம் கொடுப்பவர் மீதும் நடவடிக்கை பாயலாம்.

கனடா என்று சொல்லி வருபவர்கள் ‘எல்.எம்.ஐ.ஏ.’ கடிதத்துக்குப் பணம் கேட்பார்கள். வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்க முதலாளி பெற வேண்டிய ஆவணம் அது. அதற்கான 1,000 கனடிய டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளரிடமிருந்து அதை வசூலிக்க அங்குள்ள விதிகள் இடம் தரவில்லை.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

முதலில், “எந்த விசா? அதன் எண் என்ன?” என்று கேளுங்கள். அந்த எண்ணை ஆஸ்திரேலிய உள்துறை அமைச்சின் அகப்பக்கத்தில் தேடினால், வேலை செய்யலாமா கூடாதா என்பது தெளிவாக இருக்கும். கையில் விசா இருந்தால், ‘வீவோ’ என்ற இலவச இணையச் சேவையில் அதன் நிபந்தனைகளை நீங்களே பார்க்கலாம்.

இரண்டாவது, ஆலோசகரின் பதிவு எண். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடிநுழைவு முகவர்களுக்கு ஏழு இலக்க எண் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே செயல்படும் முகவர்கள் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே உள்ளூர் முகவரிடம் கூடுதல் கவனம் தேவை. கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் இணையத்தில் இலவசப் பதிவேடுகள் உள்ளன. மோசடிக்காரர்கள் உண்மையான ஆலோசகரின் எண்ணைத் தங்களுடையது போலக் காட்டக்கூடும். எனவே பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கே அழைத்து உறுதி செய்யுங்கள்.

மூன்றாவது, உள்ளூர் உரிமம். ஆள் எடுத்து வேலைக்கு அனுப்பும் நிறுவனம் 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தீபகற்ப மலேசியத் தொழிலாளர் துறையில் இதை விசாரிக்கலாம்.

நான்காவது, பணம் யார் கணக்குக்குப் போகிறது? நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிட்டு தனிநபர் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போலீஸ் படையின் ‘செமாக் மியூல்’ அகப்பக்கத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். அதில் புகார் எதுவும் பதிவாகவில்லை என்பதாலேயே நல்லவர் என்று முடிவுகட்ட வேண்டாம். கணக்கு புதிதாகவும் இருக்கலாம்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா?

தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் மீட்கும் வாய்ப்பு இருக்கும். பிறகு போலீஸில் புகார் செய்யுங்கள். புலன உரையாடல், பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் படம் எதையும் அழித்துவிடாதீர்கள். “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்று யாராவது கட்டணம் கேட்டு வந்தால் அதுவும் மோசடிதான்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஏமாந்த பிள்ளையை முதல் நாளே திட்டித் தீர்த்தால், அடுத்து நடப்பதை அவன் வீட்டில் சொல்லமாட்டான். வெட்கத்தில் மறைக்கும் ஒவ்வொரு நாளும் கும்பலுக்கே ஆதாயம். நகையை அடகுக்கு எடுத்துப் போகுமுன் விசாவின் எண்ணை மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள். அதைச் சொல்லத் தயங்குபவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம்.