லேபிளில் பிரான்ஸ், அலமாரியில் வெயில்

பிரெஞ்சு ரெட் ஒயினுக்கு உள்ளூர்க் கடையில் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் பெயரைப் பார்த்து மயங்குகிறார்கள். பாட்டில் நின்ற இடத்தைக் கவனிப்பதில்லை.

மும்பையில் தெருவுக்குத் தெரு 'ஒயின்ஸ்' என்று பலகை தொங்கும். உள்ளே விற்பதென்னவோ பெரும்பாலும் விஸ்கியும் ரம்மும் பீரும்தான். ஓரத்து அலமாரியில் சில பிரெஞ்சு ரெட் ஒயின் பாட்டில்கள். படிக்க வராத லேபிள், பயமுறுத்தும் விலை.

அந்த விலையை வைத்துத் தரத்தை எடைபோட முடியாது. பெரும்பகுதி வரி. ஒயின் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரலில் நீங்கியது. ஆனால் 2007ல் சுங்க வரி 150 சதவீதமாயிற்று. 2021 பட்ஜெட் அதை 50 சதவீத சுங்க வரி, 100 சதவீத விவசாய உள்கட்டமைப்பு வரி என்று பிரித்தது. கூட்டினால் பழைய கணக்குதான். இந்த விகிதத்தில், 500 ரூபாய் மதிப்பில் துறைமுகம் சேரும் பாட்டில் வெளியே வரும்போது 1,250 ரூபாய். அதற்கு மேல் மாநிலக் கலால் வரி, இறக்குமதியாளர் லாபம், கடைக்காரர் லாபம். 2026 ஜனவரியில் இந்தியாவும் ஐரோப்பிய யூனியனும் முடித்த வர்த்தகப் பேச்சில் ஒயின் வரியைப் படிப்படியாகக் குறைக்க இசைவு ஏற்பட்டது. மாநில வரிகளை அது தொடாது.

ஆகவே இங்கே ஆடம்பரமாகத் தெரியும் பாட்டில், பிரான்சில் அன்றாடச் சாப்பாட்டு மேசையில் இருப்பதாக இருக்கலாம்.

அடுத்த குழப்பம் லேபிள். வாங்குபவர் தேடுவது திராட்சையின் பெயரை. பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் எழுதுவது ஊரின் பெயரை. ஊர்ப் பெயர் போட வேண்டுமானால் எந்தத் திராட்சை, எவ்வளவு விளைச்சல் என்ற விதிகளுக்கு உட்பட வேண்டும். 1935 முதல் அங்கே இருக்கும் ஏற்பாடு இது. போர்தோ ரெட் என்றால் பொதுவாக மெர்லோ, கேபர்னே சாவிஞோன் கலவை. பர்கண்டி என்றால் பெரும்பாலும் பினோ நுவார். போஜொலே என்றால் கமே. காரமான குழம்புக்கு இளம் போர்தோவின் துவர்ப்பு ஒத்துவராது, எரிச்சலைக் கூட்டும். துவர்ப்பு குறைந்த போஜொலே தேவலை. 'பழைய கொடிகளின் ஒயின்' என்று அச்சிட்டிருந்தால் அசந்துவிட வேண்டாம். எத்தனை வயதானால் பழைய கொடி என்று பிரெஞ்சுச் சட்டம் சொல்லவில்லை.

உண்மையான எதிரி வெயில். ஒயினைப் பாதுகாக்க ஏற்ற வெப்பம் 12 முதல் 14 டிகிரி. ஏ.சி. இல்லாத கடையில் மே மாதம் 35 டிகிரியைத் தாண்டும். உள்ளிருப்பது விரிந்து தக்கையைத் தள்ளும், காற்று புகும், பழ வாசனை போய் வெந்த ஜாம் வாசனை வரும்.

சோதிப்பது எளிது. தக்கை மேலெழும்பி மூடி புடைத்திருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ, மற்ற பாட்டில்களைவிட மட்டம் குறைந்திருந்தாலோ வேண்டாம். ஜன்னலோரத்தில் மாதக்கணக்கில் தூசி படிந்து நிற்பதும் வேண்டாம். பழசானால் உசத்தி என்பது சில விலை உயர்ந்த ஒயின்களுக்கே பொருந்தும். மலிவு ரகத்தில் அறுவடை ஆண்டு அண்மையதாக இருப்பதே நல்லது. பின்பக்கம் இறக்குமதியாளரின் பெயர், முகவரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்பார்கள். அது ஐரோப்பிய அறை. 16 முதல் 18 டிகிரி. நம் ஊரில் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பது குற்றமில்லை.

வரியைத் தவிர்க்க வழியில்லை. வெந்துபோன பாட்டிலைத் தவிர்க்கலாம்.