கட்டுண்ட கைகளோடு ஒரு திருவருகைக் காலம்

திருவருகைக் காலம் மீண்டும் நம்மிடம் வந்திருக்கிறது. குருவானவர் ஊதா நிறத் திருவுடை அணிந்து திருப்பலி நிறைவேற்றுகிறார். 'உன்னதங்களிலே' கீதம் ஞாயிறுகளிலும் ஒலிப்பதில்லை. பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர் பாடிய அந்த இரவுக்கென்று திருச்சபை அதனைச் சேர்த்து வைத்திருக்கின்றது. நான்கு மெழுகுதிரிகளை வாரத்திற்கு ஒன்றாக ஏற்றுகிறோம். மூன்றாம் ஞாயிறன்று மட்டும், விடியல் நெருங்கிவிட்டது என்பதுபோல், இளஞ்சிவப்புத் திருவுடைக்கு இடமுண்டு. காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றே இவையாவும் நமக்குச் சொல்லுகின்றன.

ஆனால் காத்திருப்பது அத்துணை எளிதா? நம் இல்லங்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். படித்து முடித்த மகனுக்கு வேலை கிடைத்தபாடில்லை. மகளுக்கு வரன் அமையவில்லை. மணமாகி ஆண்டுகள் பல சென்றும் ஒரு வீட்டில் தொட்டில் ஆடவில்லை. மருத்துவச் சோதனையின் முடிவு என்னவாகுமோ என்று மற்றொரு வீட்டில் உறக்கமில்லை. குடியை விட்டுவிடுவதாக வாக்களித்த தந்தை இன்றேனும் தெளிந்த முகத்தோடு வருவாரா என்று பிள்ளைகள் வாசலைப் பார்த்திருக்கின்றனர். வாசலில் நட்சத்திர விளக்கு எரிகிறது. உள்ளேயோ மனங்கள் இருண்டு கிடக்கின்றன. "எத்தனை செபமாலை சொல்லியாயிற்று! ஆண்டவர் கேட்கவில்லையே!" என்னும் பெருமூச்சை நாம் கேட்டதில்லையா? நாமே விட்டதில்லையா?

இத்தகையோரிடம் 'நம்பிக்கையோடு இருங்கள்' என்று கூறிவிட்டு நகர்ந்துவிடலாம். வசதியாக இருப்பவர் வாயிலிருந்து வரும்போது அச்சொல் புண்ணில் தடவிய உப்பாகவே படும். அதைச் சொல்ல உரிமை பெற்ற ஒருவர் உண்டு. அவரது கதையை இக்காலத்தில் நாம் நினைவுகூர்வது பொருந்தும்.

ஆல்பிரட் டெல்ப் அடிகளார் ஜெர்மன் நாட்டின் மன்ஹைம் நகரில் 1907-ஆம் ஆண்டு பிறந்தார். சேசு சபையில் சேர்ந்து 1937-இல் குருப்பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் மியூனிக் நகர ஆலயமொன்றில் பணியாற்றினார். ஹிட்லரின் கொடுங்கோன்மை ஒழிந்தபின் நாட்டில் நீதியும் மனித மாண்பும் தழைக்கும் சமுதாயத்தை எவ்வாறு அமைப்பது என்று மறைவாகக் கூடிச் சிந்தித்த நல்லோர் சிலருடன் அவரும் சேர்ந்திருந்தார். 1944 ஜூலை 20-இல் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றது. எட்டு நாட்கள் கழித்து, காலைத் திருப்பலியை முடித்த டெல்ப் அடிகளாரை இரகசியப் போலீசார் கைது செய்தனர். அவர் பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார்.

அங்கே அவருக்குத் திருவருகைக் காலம் வந்தது. சில அடிகள் மட்டுமே நடக்கக்கூடிய சிற்றறை, கைகளில் விலங்கு, எந்நாள் விசாரணை, என்ன தீர்ப்பு என்பது தெரியாத நிலை, இரவில் விமானக் குண்டுகளின் முழக்கம். பெர்லினில் வாழ்ந்த இரு கத்தோலிக்கப் பெண்மணிகள் அவருடைய துணிகளைத் துவைத்துத் தரும் பொறுப்பை ஏற்றிருந்தனர். அத்துணி மூட்டைக்குள்தான் காகிதங்கள் உள்ளே சென்றன. எழுதப்பட்டவை வெளியே வந்தன. அவர்கள் மறைவாக அனுப்பிய அப்பத்தையும் இரசத்தையும் கொண்டு அவர் தம் அறையிலேயே திருப்பலி நிறைவேற்றினார். டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவ மாதாவின் திருநாளன்று, தம்மைக் காணவந்த சேசு சபைக் குரு ஒருவரின் முன்னிலையில் இறுதி வார்த்தைப்பாடும் கொடுத்தார்.

கட்டுண்ட கைகளாலேயே அவர் திருவருகைக் காலத் தியானங்களை எழுதினார். மனிதன் தன் பொய்யான பாதுகாப்புகளினின்று உலுக்கப்பட்டு, தான் யார் என்று கண்டுகொள்ளும் காலமே இது என்பது அவர் கருத்து. பாலைவனத்தில் குரலெழுப்பிய ஸ்நாபக அருளப்பரையும், செய்தி கொணரும் வானதூதரையும், இறைவனின் தாயையும் அவர் தம் சிறையறைக்குள் தோழமை கொண்டார். தமக்கு அச்சமே இல்லை என்று அவர் எங்கும் பெருமை பேசவில்லை. கலங்கிய நாட்களைக் கலங்கிய நாட்கள் என்றே எழுதினார். இது நமக்குப் பெரும் ஆறுதல் அன்றோ! அருளப்பரும் சிறையிலிருந்துதானே, "வரவேண்டியவர் நீர்தாமா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டார்? கேள்வி கேட்கும் உள்ளம் நம்பிக்கை இழந்த உள்ளம் ஆகிவிடாது. கேள்வியை யாரிடம் கொண்டுபோகிறோம் என்பதே முக்கியம்.

டெல்ப் அடிகளார் விடுதலையை எதிர்பார்த்தார்; அதற்காக மன்றாடினார். விடுதலை வரவில்லை. 1945 ஜனவரி 11-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிப்ரவரி 2-இல் பெர்லினின் பிளோட்சன்சே சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு வயது 37. அன்று ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய திருநாள். முதுமை வரை காத்திருந்த சிமியோன் பாலனைக் கைகளில் ஏந்தி, இனிச் சமாதானமாய்ப் போகலாம் என்று நிறைவடைந்ததைத் திருச்சபை கொண்டாடும் நாள்!

இங்கேதான் எதிர்பார்ப்புக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு நமக்கு விளங்குகிறது. இன்ன நாளில் இன்னது நடக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு; அது பொய்த்துப்போகலாம். நடப்பது எதுவாயினும் என்னைத் தேடி ஒருவர் வருகிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. எதிர்பார்ப்பை வைத்துக்கொள்வதில் தவறில்லை. வேலையையும் வரனையும் உடல்நலத்தையும் கேட்டு நாம் மன்றாடத்தான் வேண்டும். ஆனால் நம் வாழ்வு முழுவதையும் அந்த ஒன்றில் தொங்கவிட்டால், அது தாமதிக்கும்போது நாமும் அறுந்து விழுகிறோம்.

மேலும் ஒன்று. விலங்கு பூட்டிய நிலையிலும் அடிகளார் சும்மா இருக்கவில்லை. கைக்கு எட்டியதைச் செய்தார்: செபித்தார், எழுதினார், திருப்பலி ஒப்புக்கொடுத்தார். வெளியே இருந்த அப்பெண்மணிகளாலும் சிறைக்கதவைத் திறக்க இயலவில்லை. அவர்கள் துணி துவைத்தார்கள். அந்தத் தாழ்மையான பணியின் வழியாகத்தான் அவருடைய தியானங்கள் இன்று நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

நம்மாலும் இது இயலாதா? நம் கவலைக்குத் தீர்வு இவ்வாரம் வராதிருக்கலாம். எனினும், மெழுகுதிரி ஏற்றிக் குடும்பமாகச் சேர்ந்து செபிக்க நம்மால் முடியும். நெடுநாள் பேசாதிருக்கும் உடன்பிறந்தாரின் வீட்டுக் கதவைத் தட்ட முடியும். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து மனத்தை ஆயத்தப்படுத்த முடியும். நம் தெருவில் நம்மைவிட நெடுங்காலமாகக் காத்திருப்பவர் ஒருவர் இருப்பார். படுக்கையில் கிடக்கும் முதியவராக இருக்கலாம். சிறைப்பட்டவனின் மனைவியாக இருக்கலாம். அவரருகே அரைமணி நேரம் அமர நம்மால் முடியும்.

குடிலில் வைக்கோலைப் பரப்பும் இந்நாட்களில், கட்டுண்ட கைகளால் எழுதிய அக்குருவை நினைத்துக்கொள்வோம். நம் கைகளைக் கட்டியிருப்பது எதுவாயினும் ஆண்டவரிடம் காட்டி, "வாரும், ஆண்டவரே!" என்போம். பின்பு, இன்று செய்யக்கூடியதைச் செய்ய எழுந்து போவோம்.